கீறலும் மெருகும்

ஹைதராபாத் நகருக்கு வரும் தமிழன்பர்கள் சார்மினாரைக் கண்டு, லாட் பஜாரில் வளையல் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவதே பெருவழக்கு. வெயிலைப் பொருட்படுத்தாமல் இன்னும் சிறிது தூரம் நடக்க மனம் வைத்தவர்கள் சௌமஹல்லா அரண்மனையின் வாயிலை அடைவார்கள். தர்பார் மண்டபத்தின் விளக்குக் கொத்துகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, வண்டிகள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் பகுதிக்கு வந்தால் அங்கே ஒரு மோட்டார் வண்டி நம்மைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. அதன் நிறம் பளிச்சென்ற மஞ்சள். பின்புறத்து ஆசனம் மற்ற ஆசனங்களைப் போலன்றி, அரியணையைப் போல் உயர்த்தி அமைக்கப்பட்டது. மேற்கூரையோ விமானத்தைப் போல் வளைந்து நிற்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தாரின் ‘சில்வர் கோஸ்ட்’ வகையைச் சேர்ந்த அவ்வண்டி 1912ஆம் ஆண்டுக்கு உரியது. அதன் மேற்கூட்டைச் செய்தவர்கள் லண்டனில் அரச குடும்பத்தாருக்குச் சாரட்டு வண்டிகள் செய்து கொடுத்த பார்க்கர் நிறுவனத்தார்.

அவ்வண்டியைச் செய்யச் சொன்னவர் ஆறாவது நிஜாம் மீர் மஹபூப் அலி கான். அதில் ஏறி அமரும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29ஆம் நாள் அவர் காலமானார்; வண்டி பின்னரே வந்து சேர்ந்தது. அது ஏழாவது நிஜாமான மீர் உஸ்மான் அலி கானின் உடைமை ஆயிற்று. விசேஷ நாட்களில் மட்டுமே வெளியே எடுக்கப்பட்ட அவ்வண்டி, தன் ஆயுளில் மொத்தம் ஓடிய தூரம் 356 மைல் என்று சொல்லப்படுகிறது. சென்னையிலிருந்து ஹைதராபாத் வரையிலான தூரம்கூட அதைவிடச் சிறிது மிகுதி.

இந்த 356 மைல் என்னும் கணக்கைக் கேட்டபோது நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. சாலையையே காணாத வண்டியின் மேற்பூச்சில் கீறல் விழுமா? விழும் என்பதே விடை. அதற்குக் காரணம் கல்லும் முள்ளும் அல்ல, துடைக்கும் துணி. இந்த விந்தையைச் சற்று விரித்துச் சொல்வதே நம் நோக்கம். அதற்குள் ஹைதராபாத்தின் தொழில் வரலாறு ஒரு பகுதியும், அத்தொழிலில் உடல் நலத்தை இழந்தவர்களின் கதையும் அடங்கியிருக்கின்றன.

ஹைதராபாத் நகரம் கருங்கல் பூமியின்மேல் அமைந்தது. இருநூற்றைம்பது கோடி ஆண்டுப் பழமை வாய்ந்த அப்பாறைகள் சிதைந்து சிதைந்து தூசியாகின்றன. அத்தூசியில் பெரும்பங்கு குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லின் துகள்கள். கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் அளவுகோலில் குவார்ட்ஸ் ஏழாவது இடத்தில் நிற்கிறது. எஃகுக் கத்தி பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கிறது. வண்டியின் வர்ணமோ இன்னும் வெகு தாழ்வு. இரவெல்லாம் படிந்த இத்தூசியைக் காலையில் உலர்ந்த துணியால் துடைக்கும்போது நாம் செய்வது என்ன? கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் உளிகளைத் துணியின் அடியில் வைத்து இழுக்கிறோம். இப்படி ஆண்டுக்கணக்கில் துடைத்த வண்டியை உச்சிவெயிலில் பார்த்தால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். உண்மையில் அக்கீறல்கள் எல்லாத் திசைகளிலும்தான் ஓடுகின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடுவதால் அவை வட்டமாகத் தோன்றுகின்றன. வேலையில் அக்கறை மிகுந்த பணியாளன் அமைந்த வீட்டில் கீறலும் மிகுதி என்பது வேடிக்கையான உண்மை.

இனி, அந்த மஞ்சள் வண்டி பிறந்த காலத்தில் வர்ணம் எப்படிப் பூசப்பட்டது என்று பார்ப்போம். அன்று மோட்டார் வண்டிக்கென்று தனி வர்ணக்கலை கிடையாது. குதிரைச் சாரட்டுக்குப் பூசியவர்களே இதற்கும் பூசினார்கள். மரத்தின்மீதும் தகட்டின்மீதும் முதலில் ஈய வெள்ளை கலந்த அடிப்பூச்சு. அதன்மேல் பள்ளங்களை நிரப்பும் பூச்சுகள் பல. அவை உலர்ந்தபின் நுரைக்கல்லைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துச் சமன் செய்வார்கள். பிறகு நிறப்பூச்சு, அதற்கும் மேல், கோபல் என்னும் மரப்பிசினை ஆளி விதை எண்ணெயில் காய்ச்சிச் செய்த வார்னிஷ். ஒவ்வொரு பூச்சும் உலர்வதற்கு நாட்கணக்காயிற்று. ஒரு வண்டி வர்ணக் கொட்டகைக்குள் சென்றால் வெளியே வரச் சில வாரங்கள் ஆகும். கொட்டகையின் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வார்கள். ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டாலும் ஒரு வாரத்து உழைப்பு வீணாகிவிடும் அல்லவா!

அத்தகைய வார்னிஷில் கீறல் விழுந்தால் அதை நீக்கும் முறையும் அக்கலையிலேயே அடங்கியிருந்தது. கம்பளித் துண்டில் நுரைக்கல் பொடியும் தண்ணீரும் சேர்த்து மெல்லத் தேய்ப்பது முதற்படி. சிதைந்த சுண்ணாம்புக் கல்லிலிருந்து கிடைக்கும் மிக நுண்ணிய பொடியை எண்ணெயில் குழைத்துத் தேய்ப்பது அடுத்த படி. இறுதியில் துணியும் கிடையாது; உள்ளங்கையாலேயே தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் வெண்சாந்து பூசி, கூழாங்கல்லால் நாட்கணக்கில் தேய்த்துப் பளபளப்பாக்கிய கொத்தனார்களை நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். பொருள் வேறாயினும், மெருகு என்பது பூசி வருவதன்று, தேய்த்து வருவது என்னும் அறிவு இருவருக்கும் ஒன்றே.

கீறல் நீங்குகிறது என்று சொல்கிறோமே, அது எங்கே போகிறது? இக்கேள்வி பெரிய அறிஞர்களையும் நெடுங்காலம் அலைக்கழித்தது. பெரிய கீறலைச் சிறிய கீறலாலும், சிறியதை இன்னும் சிறியதாலும் அழித்துக்கொண்டே போய், கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குக் கொண்டுவருவதே மெருகு என்று நியூட்டன் கருதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீல்பி என்னும் பிரிட்டிஷ் இரசாயன அறிஞர் வேறுவிதமாகச் சொன்னார். தேய்க்கும்போது மேற்பரப்பு நீர்போல் இளகி ஓடிப் பள்ளங்களை மூடிவிடுகிறது என்பது அவர் கட்சி. சில பொருள்களில் அதற்கும் இடமுண்டு. ஆயினும் கடினமான நுண்பொடியால் தேய்க்கும்போது பெரும்பாலும் நடப்பது நியூட்டன் சொன்னதே. அதாவது, கீறலை நாம் நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பகுதியையெல்லாம் அறுத்துத் தாழ்த்துகிறோம். ஆகவே ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் வர்ணம் மெலிகிறது. இதை மறந்தவர்கள், ஆசையோடு மெருகேற்றி மெருகேற்றி ஒரு நாள் தகட்டையே கண்டுவிடுவார்கள்.

இதற்கு நேர்மாறான வழி ஒன்றைப் பழைய ஹைதராபாத் சமஸ்தானத்துக் கைவினைஞர்கள் கையாண்டு வந்திருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டு வரை அச்சமஸ்தானத்தின் எல்லைக்குள் இருந்த பீதர் நகரத்தின் பித்ரி வேலைப்பாட்டைச் சொல்கிறோம். துத்தநாகத்தோடு சிறிது செம்பு சேர்த்து வார்த்த பாத்திரத்தில், உளியால் வேண்டுமென்றே கீறல் போடுகிறார்கள். அக்கீறலில் வெள்ளிக் கம்பியை வைத்து அடித்து இறுக்குகிறார்கள். பிறகு எல்லாவற்றையும் தேய்த்துச் சமன் செய்து, பீதர் கோட்டையின் மண்ணையும் நவச்சாரத்தையும் கலந்த நீரில் இட்டால் உலோகம் கறுத்து வெள்ளி மட்டும் மின்னி நிற்கும். கீறல் அங்கே குற்றமன்று, அதுவே சித்திரம். மோட்டார் வண்டிக்காரர்களும் கீறலை நிரப்புவதுண்டு. பிரேசில் நாட்டுப் பனையோலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகைத் தடவினால் நுண்ணிய கீறல்கள் மறைந்துவிடும். ஆனால் இரண்டு மூன்று மழைக்குப்பின் மெழுகு கரைந்து, கீறல் பழையபடி வெளியே எட்டிப் பார்க்கும். புதிதாக மெருகேற்றியதாகச் சொல்லி விற்கப்படும் பழைய வண்டிகளில் இந்த மாயத்தைக் கண்டு ஏமாந்தவர்கள் பலர். அவர்களுள் நாமும் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

இவ்விடத்தில் தமிழ்நாட்டின் பங்கையும் சொல்லவேண்டும். சென்னை நகரில் 1840ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சிம்ப்சன் நிறுவனம், குதிரைச் சேணத்திலும் சாரட்டு வண்டியிலும் பெயர் பெற்றது. 1903ஆம் ஆண்டில் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டி ஒன்றை அங்கே செய்தார்கள். சாரட்டுக்கு வார்னிஷ் பூசிய கைகளே மோட்டாருக்கும் பூசத் தொடங்கியதை, இந்நிறுவனத்தின் வரலாறே காட்டுகிறது. சிகந்தராபாத்தின் கதை வேறு. 1806ஆம் ஆண்டு முதல் அப்பெயர் பெற்ற அப்பாளையத்துக்குச் சென்னை இராணுவத்தோடு தமிழர் பலர் வந்து குடியேறினார்கள். அங்கே 1862ஆம் ஆண்டில் சோமசுந்தர முதலியார் நிறுவிய பள்ளியே பின்னாளில் மஹபூப் கல்லூரியாயிற்று. சுவாமி விவேகானந்தர் 1893ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்கா செல்லுமுன் அங்கேதான் சொற்பொழிவாற்றினார். படிப்பாளிகளின் பெயர் நிலைத்தது. பாளையத்து வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டியும் வர்ணம் பூசியும் வாழ்ந்தவர்களின் பெயர்களை யாரும் கல்லில் பொறித்து வைக்கவில்லை.

1932ஆம் ஆண்டு நிஜாம் அரசாங்க இரயில்வேயின் ஒரு பிரிவாகப் பேருந்துப் போக்குவரத்து தொடங்கப்பட்டது. 27 பேருந்துகளும் 166 ஊழியர்களும் கொண்டு அது தொடங்கியது. அரசாங்கமே பேருந்து நடத்தும் முறையில் இந்நாட்டில் அது முன்னோடி. நிஜாமின் அன்னையார் ஜஹ்ரா பேகத்தின் பெயரின் முதலெழுத்தைக் குறிக்கவே பேருந்து எண்களில் ‘இஸட்’ என்னும் ஆங்கில எழுத்து இடம்பெற்றது என்று ஹைதராபாத்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

அந்தப் பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது உலகத்தின் வர்ணக்கலை அடியோடு மாறிவிட்டிருந்தது. 1920ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தார், சினிமாப் படச்சுருள் செய்யும் நைட்ரோ செல்லுலோஸ் என்னும் பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கெட்டியாகவும் அதேவேளையில் தெளிக்கத் தக்கதாகவும் உள்ள ஒரு பூச்சு எதிர்பாராமல் கிடைத்தது. வெடிமருந்துப் பஞ்சுக்கு உறவான அப்பொருள் ‘டூக்கோ’ என்னும் பெயரோடு வந்தது. 1924ஆம் ஆண்டுக்குரிய ஓக்லண்டு வண்டிகள் அதன் நீல நிறத்தோடு வெளிவந்தன. வாரக்கணக்கில் உலர்ந்த இடத்தில் மணிக்கணக்கில் உலர்ந்தது. பெயரும் பரவியது; நம் நாட்டில் எந்த வர்ணத்தைத் தெளித்தாலும் ‘டூக்கோ அடித்தான்’ என்று சொல்லும் வழக்கு இன்றும் அற்றுப்போகவில்லை.

டூக்கோவுக்கு ஒரு குணம் உண்டு. தெளித்தவுடன் அது மங்கலாக இருக்கும், தேய்த்தால்தான் பளபளக்கும். ஆகவே தேய்க்கும் பசையும் தேய்ப்பவனின் தோளும் அதனோடு பிரிக்கவொண்ணாதபடி சேர்ந்துவிட்டன. அந்தத் தோள்களுக்கு உரியவர்கள் பட்ட பாட்டை வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஈய வெள்ளை கலந்த அடிப்பூச்சையும் ஈயக் குரோமேட் கலந்த மஞ்சள் வர்ணத்தையும் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூசி, மூச்சோடு உள்ளே போய் உடம்பில் தங்கிவிடும். வயிற்றுவலி, கை தளர்தல், ஈறில் நீலக்கோடு ஆகியவை வர்ணக்காரர்களின் குலநோய்கள் போலவே இருந்தன. 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிரான்சிஸ் ஓக்கி என்பவர் நீரில் நனைத்துத் தேய்த்தாலும் பிய்ந்துபோகாத உப்புத்தாளைக் கண்டுபிடித்தார். தூசி எழாமல் சேறாக வடிந்துவிட்டது. ‘வாட்டர் பேப்பர்’ என்று நம் பட்டறைகளில் சொல்கிறார்களே, அதுதான் இது. எந்திரங்களைக் கண்டுபிடித்தவர்களுக்கு நிற்கும் சிலைகளில் ஒன்றையேனும் இந்தத் தாளுக்கு வைத்திருக்கலாம் என்பது நம் எண்ணம்.

ஆயினும் தொல்லை வேறு உருவில் வந்தது. இன்று வண்டிகளில் நிறப்பூச்சு வேறு, அதன்மேல் கண்ணாடிபோன்ற தெளிபூச்சு வேறு. 1980க்குப் பின் பெருவழக்காகிவிட்ட இம்முறையில், இரண்டு திரவங்களைக் கலந்து தெளிக்கிறார்கள். இறுகச் செய்யும் திரவத்தில் உள்ள ஐசோசயனேட் என்னும் இரசாயனம் மூச்சில் கலந்தால் தீராத ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. தெருவோரப் பட்டறைகளில் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு தெளிக்கும் இளைஞர்களை நாம் பார்க்கிறோம். கைக்குட்டை அந்த ஆவியைத் தடுக்காது. வர்ணத்தில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் 2016ஆம் ஆண்டு விதிகளும் வீட்டுக்குப் பூசும் வர்ணங்களையும் அலங்கார வர்ணங்களையும் பற்றியவையே. வண்டிப் பட்டறைகளுக்கு அவை எட்டவில்லை.

தெளிபூச்சின் கனம் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான்; நம் தலைமயிர் ஒன்றின் கனத்தைவிடக் குறைவு. கீறலை நீக்குகிறவன் விளையாடுவது இந்த மெல்லிய ஏட்டின்மீதுதான். இதை நமக்குக் கண்கூடாகக் காட்டியவர் சிகந்தராபாத்தில் ராணிகஞ்சுக்கு அருகே சிறு பட்டறை வைத்திருக்கும் ஒரு முதியவர். மூன்று தலைமுறைக்கு முன் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நம் வண்டியின் கதவை ஓர் ஆட்டோ ரிக்ஷா உரசிவிட்டது. பெரிய பட்டறை ஒன்றில், கதவு முழுவதற்கும் புதிதாக வர்ணம் தெளிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மனம் ஒப்பாமல் பெரியவரிடம் சென்றோம். அவர் ஒன்றும் பேசாமல் விரலைத் தண்ணீரில் தோய்த்துக் கீறலின்மீது தடவினார். கீறலில் பாதி மறைந்தது, பாதி மறையவில்லை.

“தண்ணி பட்டு மறையுதுன்னா மேல்பூச்சோட நின்னுடுச்சுங்க ஐயா. நகம் தடுக்குது பாருங்க, அந்த இடம் மட்டும் பட்டி வேலை” என்றார்.

எளிய சோதனை, ஆனால் அதன் பின்னால் ஒளியியல் முழுவதும் நிற்கிறது. தெளிபூச்சும் தண்ணீரும் ஒளியை வளைக்கும் திறனில் ஓரளவு நெருங்கியவை. பள்ளத்தில் காற்று இருந்தவரை சிதறிய ஒளி, தண்ணீர் நிரம்பியதும் நேராக உள்ளே போய்விடுகிறது. ஆதலால் கீறல் காணாமற் போகிறது. நிறப்பூச்சும் கிழிந்திருந்தால் தண்ணீர் எவ்வளவு தடவினாலும் கோடு தெரியும். அங்கே மெருகு பயன்படாது.

பெரியவர் 2000 எண் வாட்டர் பேப்பரைச் சோப்பு நீரில் ஊறவைத்து, ஒரே திசையில், எண்ணிச் சிலமுறை மட்டும் இழுத்தார். இடம் பால்போல் மங்கியது. பிறகு பசை; பிறகு அதைவிட மெல்லிய பசை. கதவின் விளிம்புக்கு அருகே வந்ததும் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையால் தேய்த்தார். விளிம்பில் வர்ணம் எப்போதும் மெலிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். கனம் அளக்கும் கருவி அவரிடம் இல்லை. வெண்மையாக வரும் அழுக்கில் வண்டியின் நிறம் கலக்கிறதா என்று துணியை அடிக்கடி திருப்பிப் பார்த்துக்கொண்டார். நிறம் கலந்தால் தெளிபூச்சு போய்விட்டது என்று பொருள். பழைய ஒற்றைப் பூச்சு வண்டிகளில் அப்படியன்று, தொட்டவுடனே துணியில் நிறம் ஏறும் என்று அவரே சொன்னார். அம்பாஸடர் வண்டிகளை அவர் அப்படித் தேய்த்த காலம் உண்டு. நகம் தடுக்கிய இடத்தில் மட்டும் தூரிகையின் நுனியால் வர்ணம் வைத்து, உலர்ந்தபின் சமன் செய்தார். அருகில் சென்று பார்த்தால் அது இன்னும் தெரிகிறது. அதற்காக அவரும் வருந்தவில்லை, நாமும் வருந்தவில்லை.

மீண்டும் சௌமஹல்லாவுக்கு வருவோம். பழைய அரச வண்டிகளைப் புதிதுபோல் ஆக்கிக் காட்டுவதா, கீறலோடும் வெடிப்போடும் காப்பதா என்பது உலகெங்கும் பேசப்படும் பிரச்சினை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2013ஆம் ஆண்டில் உறுதி செய்த டூரின் சாசனம், புதுப்பிப்பதைக் காட்டிலும் உள்ளதை உள்ளபடி காப்பதற்கே முதலிடம் தருகிறது. ஒரு முறை சுரண்டி எடுத்த வார்னிஷ் மறுபடி வராது. அதில் படிந்திருந்த மகுடாபிஷேக நாட்களும், வண்டி கொட்டகையில் உறங்கிய பல்லாண்டுகளும், துடைத்த பணியாளனின் கைப்போக்கும் அதனோடு போய்விடும். இக்கருத்து நமக்கும் உடன்பாடே. ஆனால் ஒன்றையும் மறுக்க முடியவில்லை. மஞ்சள் என்பது ஆசப் ஜாஹி அரசரின் கொடியின் நிறம். குடிமக்கள் முன் பளபளத்து நிற்பதற்கென்றே பூசப்பட்ட அந்த நிறத்தை வெடித்து மங்கிய நிலையில் காட்டினால், பார்க்கும் சிறுவனுக்கு அந்நாளைய பவனி எப்படி இருந்திருக்கும் என்பது எங்கே விளங்கப்போகிறது? அரண்மனையிலே நின்றபோது நாம் சாசனத்தின் பக்கம் இருந்தோம். உடன் வந்த பேரப்பிள்ளை மறுபக்கம் இருந்தான்.

பெரியவரின் பட்டறையிலிருந்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் விடியற்காலை, தெருவில் உள்ள வண்டிகளையெல்லாம் துடைக்கும் பையன் வழக்கம்போல் உலர்ந்த துணியோடு வந்துவிட்டான். மாடியிலிருந்து நாம் குரல் கொடுப்பதற்குள் கூரையில் பாதியைத் துடைத்து முடித்திருந்தான். இப்போது அவனுக்கென்று இரண்டு வாளித் தண்ணீரை முந்தின இரவே நிரப்பி வைக்கிறோம். ஒன்று வண்டிக்கு, மற்றொன்று துணியை அலசுவதற்கு.